எட்டாவது மாடி, மறுபதிவு

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

உறையின்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதைக் கிழித்திருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நாம் பேசிப் பதினொரு வருடம் ஆயிற்று. ஜனவரியில் மட்டும் உன் வீட்டு எண்ணுக்குப் பதினேழு தடவை அடித்தேன். மணி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. கோபம் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அடிக்கிற போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா? அழுத்தக்காரி என்று அம்மா உன்னைச் சும்மாவா சொன்னாள்!

இங்கே எல்லாம் பழையபடிதான். கிடார் கடையில் அதே முக்காலி, அதே முதுகுவலி. காலையில் கம்பி மாற்றிக் கொடுக்கிறேன், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம். ஐம்பத்திரண்டு வயதில் விரல் நுனி மட்டும்தான் உறுதியாக இருக்கிறது, மற்றதெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் 'எட்டாவது மாடி' பாட்டை ஒருத்தி மறுபடி செய்யப் போகிறாள். ஊசி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். ராப் பாடுகிறவள். பகலில் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலை, வேலை முடிந்தால் பாட்டு. வாயைத் திறந்தால் ஒரே மூச்சில் நூறு வார்த்தை கொட்டுகிறாள், எனக்குப் பாதி புரிவதற்குள் முடித்துவிடுகிறாள். அவளுக்கு இசை சேர்க்கிறவன் பெயர் டப்பா. பொத்தான் வைத்த சதுரப் பெட்டி ஒன்று எப்போதும் அவன் மடியில் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

இருவரும் கடைக்கே வந்துவிட்டார்கள். "லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்துல எட்டு மாடி ஏறி வந்து ஒருத்தன் கதவைத் தட்டுறான், கதவு திறக்கலை. இருபத்தாறு வருஷமா அவன்தான் சார் பாடிக்கிட்டு இருக்கான். உள்ள இருக்கிறவ என்ன சொல்றான்னு யாருமே கேக்கலையே? அதை நான் பாடுறேன்" என்றாள் ஊசி. உடனே சரி என்றேன். நம் கிடார், உன் டிரம், அப்படியே இருக்கும். என் குரலும் இருக்கும். நடுவில் அவள் வருவாள்.

ஒலிநாடா அட்டையில் 'எழுத்தும் இசையும்: அண்ணன், தங்கை' என்று போட்டிருந்தோமே, அதனால் உன் கையெழுத்தும் வேண்டுமாம். படிவம் இத்துடன் இருக்கிறது. போட்டு அனுப்பு.

அண்ணன்

---

பிப்ரவரி 21

அண்ணாவுக்கு,

கிழிக்கத்தான் போனேன். மகள் பிடுங்கிவிட்டாள். அவளுக்கு அந்த ஊசியின் பாட்டெல்லாம் தலைகீழ்ப் பாடமாம், வீட்டில் ஒரே குதியாட்டம். அவளுக்காகத்தான் பதில்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு மறந்திருக்கும், உனக்கு வசதியானதெல்லாம் மறக்கும். நம் குழுவின் பதினைந்தாம் ஆண்டு விழா மேடை. எனக்குப் பதிலாக வேறொருவனை டிரம் அடிக்க உட்கார வைத்தாய், சரி, பழக்கம் விட்டுப் போனவள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "இந்தப் பாட்டை முதல்ல பாடினது என் தங்கச்சிதான். டேப்பைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் மேல வெச்சிட்டாங்க, அதுல இருக்கிற காந்தம் அவங்க குரலை முழுங்கிடுச்சு, நீங்க தப்பிச்சீங்க." கூட்டம் சிரித்தது. பன்னிரண்டு வயது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். அவள் சிரிக்கவில்லை, என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

டேப் பெட்டியை ஸ்பீக்கர்மேல் வைத்தது நான்தான். அதை எப்போதாவது மறுத்தேனா? பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும் அவசரத்தில் வைத்துவிட்டுப் போனேன். என் குரல் போனது. அதற்குப் பிறகு நான் டிரம் குச்சியைத் தொடவில்லை. கண்ணாடி லென்ஸ் தேய்க்கிற பட்டறையில் சேர்ந்தேன். ஒவ்வொரு லென்ஸையும் மூன்று தடவை சரிபார்க்கிறவள் என்று எனக்கு அங்கே பெயர். மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்பார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

செய்த தப்பை நானே சுமந்துகொண்டிருக்கிறேன். நீ அதை மேடையில் விற்றாய்.

தங்கை

---

மார்ச் 6

தங்கச்சிக்கு,

மேடையில் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு நீண்டுவிடும், தெரிந்ததுதானே. அதற்குப் பதினொரு வருடத் தண்டனை கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது, உனக்குத் தோன்றாது, சரி விடு.

படிவத்தைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாய் பார், அதில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

அந்த மூல டேப் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. பழைய டேப் பிசுபிசுத்துப் போகுமாம், அப்படியே ஓட்டினால் உரிந்து வந்துவிடுமாம். டப்பா அதை ஒரு சூட்டுப் பெட்டியில் வைத்து, லேசான சூட்டில் எட்டு மணி நேரம் காயவைத்தான். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவன் மாதிரி நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு பழைய இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து ஓட்டினார்கள்.

அந்த டேப்பில் எட்டுத் தடம், ஞாபகமிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம். ராப் செய்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது டிரம்தானாம். மற்ற எல்லாத் தடத்தையும் மூடிவிட்டு உன் டிரம் தடத்தை மட்டும் போட்டான் டப்பா. போட்டு அரை நிமிடம் இருக்கும், ஊசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு இவங்க? இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். நீ அடித்ததைக் கேட்டு, அன்றைக்குப் பிறந்தே இராத பிள்ளைகளெல்லாம் இப்போது தலையாட்டுகின்றன.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. கடிதத்தில் எழுத வரவில்லை. தயவுசெய்து போனை எடு.

அண்ணன்

---

மார்ச் 19

அண்ணாவுக்கு,

போனை எடு, போனை எடு என்று எத்தனை தடவை எழுதுவாய். எடுக்க முடியாது. மணி அடிப்பது எனக்குக் கேட்காது.

கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சந்தோஷமாக அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் விட்டு வைத்தேன். வலது காது போய் மூன்று வருடம் ஆகிறது. இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது. நரம்பு கெட்டுப் போயிற்றாம். காதில் கருவி மாட்டியிருக்கிறேன், அது சத்தத்தைப் பெரிதாக்குகிறதே தவிர வார்த்தையைத் தெளிவாக்குவதில்லை. பாத்திரக் கடைக்குள் நின்றுகொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். பட்டறையில் இயந்திரம் நின்றால் கையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மகள் எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் இப்போதைக்குப் புரிகிறது. பாட்டும் கொஞ்சம் கேட்கிறது. காது சோதிக்கிற அம்மாவிடம் "இன்னும் எத்தனை நாள்?" என்று நேராகவே கேட்டேன். "நாள் கணக்கு சொல்ல முடியாதும்மா. கேக்க வேண்டியதெல்லாம் சீக்கிரம் கேட்டுக்குங்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு அழுது கடிதம் எழுதாதே. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

என் டிரம் அந்த டேப்பில் இருக்கிறது என்கிறாய். இன்னொன்று இருக்கிறது என்கிறாய். என் குரலா? அழிந்ததில் ஒரு நூலாவது மிச்சம் இருக்கிறதா? நான் அதைப் பாடினபோது எனக்கு இருபத்தோரு வயது. டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அடித்துக்கொண்டே பாடினேன். திரும்ப ஓட்டிக் கேட்பதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டேன். மறுநாள் வந்தால் குரல் இல்லை. நான் எப்படிப் பாடினேன் என்று எனக்கே தெரியாது அண்ணா. ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

இருந்தால் அனுப்பு. இந்தக் காது மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். கேட்ட அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கை

---

ஏப்ரல் 4

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். கிடாருக்குக் கம்பி கேட்டு வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார். அழாதே என்று எழுதியிருந்தாய். சரி, அதைப் பற்றி எழுதவில்லை. மூன்று வருடமாக எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே உனக்கு? நான் அவ்வளவு தூரத்து மனிதனாகிவிட்டேனா?

டேப் விஷயம். டிரம்முக்கு நடுவே காற்று மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது. உன் குரல்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தாளத் தட்டுகளின் இரைச்சல் அதிகம். டப்பா சுத்தம் செய்துகொண்டிருக்கிறான், நேரம் ஆகும் என்கிறான். அரைகுறையாக அனுப்பி உன்னை ஏமாற்ற எனக்கு மனமில்லை. தயாரானதும் நானே நேரில் கொண்டு வருகிறேன்.

அதற்குள் அந்தப் படிவத்தை மட்டும் அனுப்பிவிடேன். பாவம், அந்தப் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்

---

ஜூன் 27

அண்ணாவுக்கு,

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. இரண்டு கடிதம் போட்டேன். கிணற்றில் போட்ட கல்.

ஊசி எனக்கு எழுதியிருக்கிறாள். உன்னிடம் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டாள். வரிசை வரிசையாக, பார்சல் சீட்டின் பின்பக்கத்தில். "அக்கா, டிரம் தடத்துல பாடுறது நீங்கதானே? உங்க தலைக்கு மேல மாட்டியிருந்த டிரம் மைக்ல உங்க குரல் கசிஞ்சு விழுந்திருக்கு. வார்த்தை வார்த்தையாக் கேக்குது. அந்தப் பழைய பாட்டுலயே சார் குரலுக்குப் பின்னாடி ஒரு எதிரொலி கேக்கும்ல, எல்லாரும் மெஷின் வேலைன்னு நினைச்சோம், அது நீங்கதான். உங்களை மையமா வெச்சுத்தான் இப்ப நான் பாட்டே பண்றேன். சார் தானே கொண்டுபோய்க் குடுப்பேன், நீங்க யாரும் அனுப்பக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இன்னும் தரலையா?"

ஆக, மார்ச்சிலேயே உனக்குத் தெரியும். காற்று மாதிரி ஏதோ ஒன்று என்று எழுதினாயே, கை கூசவில்லையா?

இன்னொன்று. நேற்று லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்குள் ஏதோ இடித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். எட்டுத் தடமும் ஒரே டேப்பில்தான் இருக்கின்றன, அடுத்தடுத்துக் கோடு போட்ட மாதிரி. டிரம் அப்படியே இருக்கிறது. உன் கிடார் இருக்கிறது. உன் இரண்டாவது கிடாரும் இருக்கிறது. நடுவில் என் தடத்தை மட்டும் தேடிப் போய் அழித்த காந்தம் எது? மற்றவர்களை விட்டுவிட்டு என்மேல் மட்டும் அதற்கு என்ன விரோதம்?

இருபத்தாறு வருடம் இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது. சாவியைத் தொலைப்பவள், பாலைப் பொங்கவிடுபவள், பெட்டியைக் கண்ட இடத்தில் வைப்பவள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். நீ சொன்னதும் ஆமாம், நானாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

ஊசியிடம் கேட்டால் நாளைக்கே அனுப்பிவிடுவாள். கேட்க மாட்டேன். உன் கையால் வர வேண்டும், கூடவே உண்மையும் வர வேண்டும். கேட்பது ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கை

---

ஆகஸ்ட் 30

தங்கச்சி,

உன் கடிதம் வந்து ஒன்பது வாரம் ஆகிறது. பதினான்கு தடவை எழுதிக் கிழித்தேன். பாட்டுக் கம்பெனிக்காரர் பெண் குரல் விலை போகாது என்றார் என்று ஒரு கடிதம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது, நானே நம்பிவிட்டேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. யாருமே எதுவும் சொல்லவில்லை.

நீ அம்மாவைக் கூட்டிவரப் போன பிறகு ஒலிப்பதிவாளர் டேப்பைத் திருப்பி ஓட்டினார். தடித்த கண்ணாடி போட்டவர், ஞாபகமிருக்கும். நீ பாடினதைக் கேட்டோம். முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைத் தொட வேண்டாம் தம்பி. இதுதான் பாட்டு" என்றார். அந்தப் பாட்டை நான் பாடுவதாகத்தான் இருந்தோம். மாதிரிக்கு ஒரு தடவை நீ பாடி வை என்று சொன்னதே நான்தான். மாதிரிக்குப் பாடினவள் அப்படிப் பாடியிருந்தால், அதற்கப்புறம் நான் எதற்கு?

காலித் தடம் இல்லை, எட்டும் நிறைந்திருந்தது. என் இரண்டாவது கிடாரை அழித்திருக்கலாம். அது இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. "தங்கச்சி தடத்துலயே நான் பாடிடறேன்" என்றேன். "அழிஞ்சிடுமே, அழிச்சிடவா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

பாடி முடித்துத் திரும்பினால் டேப் பெட்டி ஸ்பீக்கர்மேல் இருந்தது. உள்ளே டேப் கூட இல்லை, அது இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நீ வைத்துவிட்டுப் போனது வெறும் பெட்டி. மறுநாள் நீ வந்து "என் குரல் எங்கே?" என்று கேட்டாய். காந்தம் என்றேன். நீ உடனே தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான் "பரவாயில்லை விடு" என்றேன். பெரிய மனது பண்ணினவன் மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மார்ச்சில் டப்பாவிடமும் அதே காந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். அன்றிலிருந்து அவன் என்னைச் சார் என்று கூப்பிடுவதில்லை.

குரலை அனுப்பினால் மற்றதும் வெளிவரும், அதனால்தான் நாள் கடத்தினேன். உன் காது குறைந்துகொண்டே போகிறது என்று தெரிந்தும் கடத்தினேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இந்தப் பார்சலில் பென்டிரைவ் இருக்கிறது. முதலாவது டிரம் தடம், அதில் நீ. இரண்டாவது ஊசி செய்திருக்கிற புதுப் பாட்டு. நல்ல ஹெட்போன் ஒன்றும் வைத்திருக்கிறேன். சீக்கிரம் கேள்.

அண்ணன்

---

செப்டம்பர் 12

அண்ணாவுக்கு,

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. மகள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். கூடத்தில் ஜன்னலை எல்லாம் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டாள். இன்னொரு ஹெட்போனில் அவளும் கூடவே கேட்டாள்.

டிரம் கேட்டது. அடியில் இருக்கிற கனத்த சத்தம் மட்டும்தான் எனக்கு இப்போது மிச்சம். தும், தும் என்று வந்தது, என் வலது கால். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடுகிறதே, அது சந்தேகமே இல்லாமல் நான்தான். சந்தோஷத்தில் மகள் கையைப் பிடித்தேன்.

அவள் விரலை உயர்த்தினாள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "இப்ப பாடுற, அம்மா." ஒன்றும் இல்லை. தும், தும். "இப்ப, இப்ப." ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், இன்னும் கூட்டச் சொன்னேன், அவள் வலி தாங்காமல் தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். எனக்கு டிரம்தான் பெரிதாயிற்று. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள். நான் பாடினதை என் முன்னால் உட்கார்ந்து அவள் கேட்கிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காது சோதிக்கிற அம்மாவிடம் பென்டிரைவைக் கொண்டுபோனோம். மார்ச்சில் எடுத்த காது சோதனைத் தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மெல்லிய குரல், மேல் ஸ்தாயிச் சத்தம். மார்ச்ல இது உங்களுக்குக் கேட்டிருக்கும். ஜூன்ல கூடக் கொஞ்சம்" என்று எழுதிக் காட்டினார்.

ஜூனில் நான் ஊசியிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். உன் கையால்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பங்கு என்னுடையது, அதை உன் தலையில் கட்டமாட்டேன். மற்றதெல்லாம் உன்னுடையது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், படிவம் இத்துடன். உனக்காக இல்லை. ஊசி எழுதின வரிகளை மகள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். 'ஏறி வந்தவனுக்கு எட்டு மாடி, உள்ளே இருந்தவளுக்கு எத்தனை மாடி? தாழ்ப்பாள் எந்தப் பக்கம், கேட்டுப் பாருடா' என்று ஆரம்பிக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. யாரைக் கேட்டு எழுதினாளோ, தெரியவில்லை.

உன் குரலை வைக்கலாமா, எடுத்துவிடலாமா என்று ஊசி எனக்கு எழுதிக் கேட்டாள். எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஒரு நாள் முழுக்க அந்த ஆசையோடு வேலை செய்தேன், இரண்டு லென்ஸ் பாழ். பிறகு இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. உன் குரலும் பக்கத்தில் இருந்தால்தான் ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இனி என்னிடம் நீ செய்யக் கூடியது ஒன்றுதான். நேரில் வராதே, பார்க்கிற நிலையில் நான் இல்லை. நான் எப்படிப் பாடியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். மகளைக் கேட்டால் "சூப்பரா இருக்கும்மா" என்கிறாள். ஊசி "வேற லெவல்க்கா" என்று எழுதுகிறாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீ அதைக் கேட்டுப் பயந்தவன். உனக்குத்தான் முழுசாகத் தெரிந்திருக்கும். வரி வரியாக எழுது. கூட்டாதே, குறைக்காதே. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் எங்கேயும் வரக் கூடாது.

தங்கை

---

செப்டம்பர் 23

தங்கச்சிக்கு,

கடைக்கு மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். டிரம் தடத்தை ஓட்டி, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நாலு சுற்று வெறும் டிரம். பாடுவதற்கு முன்னால் நீ தொண்டையைச் செருமுகிறாய், அது பதிவாகியிருக்கிறது.

'லிஃப்டு ஓடல, மூச்சு ஓடுது.' சத்தமாக ஆரம்பிக்கவில்லை. தெரியாத வீட்டில் தண்ணீர் கேட்கிறவள் மாதிரி தயங்கி ஆரம்பிக்கிறாய். 'மூச்சு' என்று சொல்லும்போது நிஜமாகவே மூச்சு வாங்குகிறது, அடித்துக்கொண்டே பாடுகிறாய் அல்லவா. நான் அந்த இடத்தில் மூச்சு வாங்குவதாக நடித்தேன்.

உன் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது. ஜலதோஷம் விட்ட மறுநாள் இருக்குமே, அது. மேலே போகும்போது கரகரப்பு போய்விடுகிறது, அங்கே குரல் மெலிந்து நேராக நிற்கிறது. நடுங்கவில்லை. எனக்கு அந்த உயரத்தில் நடுங்கும், அதை மறைக்கத்தான் கத்துவேன்.

'ஒவ்வொரு படியும் உன் பேரைக் கேக்குது.' 'உன்' என்பதை மட்டும் கொஞ்சம் இழுக்கிறாய். யாரை நினைத்துப் பாடினாய் என்று அன்றைக்கே கேட்க நினைத்தேன். பொறாமையில் கேட்கவில்லை.

இரண்டாவது சரணத்தில் ஒரு வரி உனக்கு மறந்துவிட்டது. 'ம்ம்' என்று சமாளித்துவிட்டுச் சிரிக்கிறாய். தாளம் பிசகவில்லை, சிரித்துக்கொண்டே அடிக்கிறாய். ஊசி அந்தச் சிரிப்பை எடுத்துத்தான் திரும்பத் திரும்பப் போட்டு, அதன்மேல் தன் வரிகளை வைத்திருக்கிறாள். பாட்டு வெள்ளிக்கிழமை வெளியாகிறது. அட்டையில் பாடியவர் என்று முதலில் உன் பெயர், பிறகு அவள் பெயர், கடைசியில் என் பெயர். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது சரணத்தில் கோபம் வருகிறது. குரல் பெரிதாகவில்லை, வார்த்தைகள் கெட்டியாகின்றன. கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்துவிட்டவள் மாதிரி பாடுகிறாய். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. நான் பாடினபோது கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

கடைசிச் சுற்று. 'எட்டு மாடி ஏறி வந்தேன், கதவைத் திற.' நான் அந்தத் 'திற'வை மூன்று தடவை கத்தினேன், எல்லாருக்கும் அதுதான் ஞாபகம். நீ 'கதவைத்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறாய். 'திற' என்று நீ பாடவே இல்லை. அந்த இடத்தில் குரல் இல்லை, உன் வலது கால் போட்ட ஒரே ஒரு அடிதான் இருக்கிறது. அது உனக்கும் கேட்டிருக்கும்.

அண்ணன்